'இலவசம்' யாருக்கு? இணையச் சமநிலையும் அதன் எல்லைகளும்

தன் வழியே செல்லும் தரவுகளுக்கிடையே தொலைத்தொடர்பு நிறுவனம் கட்டணத்திலோ வேகத்திலோ பாகுபாடு காட்டக் கூடாது என்பதே இணையச் சமநிலை, அதாவது 'நெட் நியூட்ராலிட்டி'. 2015இல் இதற்கு விலக்குக் கேட்டவர்கள் ஏழைகளின் பெயரால் பேசினார்கள். பேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து கொண்டுவந்த 'ஃப்ரீ பேசிக்ஸ்' சில தளங்களை மட்டும் தரவுக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. நாளிதழ்களின் முழுப்பக்க விளம்பரங்கள் அதனை டிஜிட்டல் சமத்துவம் என்றன.

சமத்துவம் என்ற சொல்லை ஒரு வணிக நிறுவனம் நம் மக்களுக்காக உச்சரிக்கும்போது, விதிகளை எழுதியவர் யார் என்று நாம் பார்க்க வேண்டும். எழுதியது பேஸ்புக். காணொளிக்கும் பெரிய ஒளிப்படங்களுக்கும் அவ்விதிகளில் இடமில்லை. சேரியில் நடந்த வன்கொடுமைக்குச் சாட்சியாகக் கைபேசியில் பதிவான காட்சி அந்த இலவச வேலிக்கு வெளியேதான் நிற்கும். பயனர்கள் பெயரில் டிராய்க்கு அனுப்பப்பட்ட அச்சடித்தாற்போன்ற ஆதரவு மடல்களோ, ஆணையம் கேட்ட கேள்விகளுக்கு விடையே அளிக்கவில்லை. ஏழைகள் பேசுவதாகச் சொல்லப்பட்டது, ஏழைகள் பேசவில்லை.

2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தின் அடிப்படையில் தரவுக் கட்டணம் வேறுபடுவதை டிராய் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் அபராதம். (பெருநிறுவனங்களுக்கு இது சில்லறைக் காசு.) சில நாள்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவிலிருந்து விலகியது. தளங்களை முடக்குவதும் வேகத்தைக் குறைப்பதும் 2018இல், உரிம நிபந்தனைகளின் வழியே தடுக்கப்பட்டன.

சட்டம் பயில்வோர் இங்கே நின்று கவனிக்க வேண்டும். உரிமம் என்பது அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். குடிமக்கள் அதில் தரப்பினர் அல்லர். அது கட்டுப்படுத்துவதும் நிறுவனத்தையே, இணையத்தை முடக்கும் அரசை அன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்க்கச்செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து 2018 ஏப்ரல் 2 அன்று தலித் மக்கள் பாரத் பந்த் நடத்தியபோது பஞ்சாபில் கைபேசி இணையம் நிறுத்தப்பட்டது. எல்லாத் தரவும் ஒருசேர நின்றதால் அங்கே 'பாகுபாடு' ஏதுமில்லை. சமநிலை விதி மீறப்படவும் இல்லை!

அத்தகைய முடக்கத்தை எதிர்க்க நமக்குக் கிடைத்துள்ள கருவி வேறு. அனுராதா பாசின் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், முடக்க ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், காலவரையற்ற முடக்கம் கூடாது என்றது. நம் பகுதியில் இணையம் நிற்கும் நாளில் முதலில் கேட்க வேண்டியது அந்த ஆணையின் நகலை.