'டிக் டிக்' சத்தம் போடுதா ஹார்டு டிஸ்க்? பதறாதீங்க... முதல்ல யுஎஸ்பி போர்ட்டைப் பாருங்க!

அக்கா கல்யாண ஆல்பத்துக்கு போட்டோ செலக்ட் பண்ணலாம்னு போன மாசம் குடும்பமே லேப்டாப் முன்னாடி உட்கார்ந்தோம். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகினால், 'டிக்... டிக்...' சத்தம். லைட் எரியுது, ஆனா ஸ்கிரீன்ல டிரைவ் வரவே இல்லை. "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு அக்கா அழவே ஆரம்பிச்சுட்டா.

கடைசியில் டிஸ்க்குக்கு ஒண்ணுமே ஆகலை. மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்த யுஎஸ்பி ஹப்பில் அதையும் செருகியிருந்தோம். கழற்றி நேராக லேப்டாப்பில் செருகியதும் சமர்த்தாக ஓப்பன் ஆச்சு. அதற்கு கரன்ட் பத்தவில்லை, அவ்வளவுதான்!

எவ்வளவு கரன்ட் வேணும்?

போர்ட்டபிள் டிஸ்க்குக்குத் தனி பிளக் கிடையாது. டேட்டா, கரன்ட் இரண்டும் ஒரே கேபிளில்தான் போகணும். யுஎஸ்பி 2.0 போர்ட் என்றால் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 என்றால் 900 மில்லி ஆம்பியர். இதுதான் விதிப்படி உள்ள அளவு.

டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். சுற்ற ஆரம்பித்துவிட்டால் குறைந்த கரன்ட்டே போதும். ஆனால், நிற்கிற தட்டைக் கிளப்பும் முதல் சில விநாடிகளில் 1 ஆம்பியர் வரைகூட கேட்கும். நிற்கிற சைக்கிளைக் கிளப்ப முதல் மிதியை அழுத்தி மிதிப்போமே, அதே கதைதான். கரன்ட் பத்தலைன்னா தட்டு முழு வேகத்துக்கு வராமல், திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். 'டிக் டிக்' சத்தம் அதனாலும் வரலாம்.

என்ன செய்யலாம்?

* ஹப்பைத் தவிருங்க. ஒரு போர்ட்டின் கரன்ட்டைத்தான் அது எல்லோருக்கும் பங்கு போடுது. ஹப் வேணும்னா, தனி அடாப்டர் உள்ளதா வாங்குங்க.

* போர்ட்டை மாற்றுங்க. பல லேப்டாப்களில் யுஎஸ்பி 3.0 போர்ட்டின் உள்பக்கம் நீல நிறத்தில் இருக்கும். டைப்-சி இருந்தால் இன்னும் நல்லது.

* டிஸ்க்கோடு வந்த குட்டி கேபிளையே பயன்படுத்துங்க. நீளமான, மெல்லிய கேபிளில் போகும் வழியிலேயே வோல்ட்டேஜ் குறைஞ்சிடும்.

* பழைய லேப்டாப்பா? இரண்டு தலை உள்ள 'ஒய்' கேபிள் கிடைக்கும். இரண்டு போர்ட்டில் செருகினால் கரன்ட் கூடுதலாகக் கிடைக்கும்.

* ஓடிஜி போட்டு போனில் செருகினால் சில டிஸ்க் ஓடாது. போன் தரும் கரன்ட் அதற்குப் பத்தாது. அடிக்கடி போனில் பார்ப்பவர்களுக்கு எஸ்எஸ்டி பெஸ்ட். அதில் சுற்றுகிற தட்டே கிடையாது.

இதை மட்டும் செய்யாதீங்க!

காப்பி ஆகும்போது நடுவில் கரன்ட் விட்டுப்போனால் டிஸ்க்கின் ஃபைல் கணக்கே குழம்பிடும். அப்புறம் செருகும்போது 'ஃபார்மட் பண்ணவா?' என்று கேட்கும். அவசரப்பட்டு ஓகே கொடுத்தால், நன்றாக இருந்த டேட்டாவையும் நாமே இழந்துவிடுவோம். கேன்சல் பண்ணிவிட்டு, வேறு கேபிள், வேறு போர்ட் என மாற்றிப் பாருங்க.

நல்ல கேபிள் போட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் செருகியும் 'டிக் டிக்' நிற்கலையா? அப்போ டிஸ்க்கே பழுதாகியிருக்கலாம். மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீங்க. ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்பிருக்கு. டேட்டா மீட்கத் தெரிந்தவர்களிடம் கொடுப்பதுதான் சரி.

அன்றைக்கு ராத்திரியே அக்காவோட போட்டோ எல்லாத்தையும் இன்னொரு டிஸ்க்கிலும் காப்பி பண்ணிட்டோம். இப்போ ரெண்டு இடத்துல பத்திரமா இருக்கு. உங்க போட்டோ எத்தனை இடத்துல இருக்கு?