இணையச் செயலி எழுத எந்தக் கருவி?

ஒரத்தநாட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் யார் நெல் எப்போது எடை போடப்படும் என்று காட்டும் இணையச் செயலி ஒன்றை எழுத நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதில் எழுதலாம் என்று சீனியர்களைக் கேட்டால் ஆளுக்கொரு எடிட்டர் பெயர் சொல்வார்கள். எடிட்டர் பாதிதான். எழுதியதை ஓட்டப் பைத்தானோ நோட் ஜேஎஸ்ஸோ வேண்டும். விவரங்களைச் சேமிக்கத் தரவுத்தளம், திருத்தங்களைக் காக்க கிட், பிழை தேட உலாவியில் எஃப்12 தட்டினால் வரும் பலகை. எல்லாம் சேர்ந்ததுதான் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்.

முதலில் மடிக்கணினியைப் பாருங்கள். 4 ஜிபி ராம் என்றால் வெப்ஸ்டார்ம், இன்டெலிஜே போன்ற முழு ஐடிஇக்கள் திணறும், டாக்கரும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட விஎஸ் கோட் இலவசம், பழக எளிது. ஆனால் அதன் வயிற்றுக்குள்ளும் ஒரு குரோமியம் உலாவி இருக்கிறது; எக்ஸ்டென்ஷன்களை அள்ளிப் போட்டால் அதுவும் நகராது. இன்னும் பழைய கணினிக்கு லினக்ஸும் ஜியானி எடிட்டரும் போதும். தரவுத்தளத்துக்கு எஸ்க்யூலைட்: தனி சர்வர் தேவையில்லை, ஒரே கோப்பு.

உலாவியிலேயே எழுத வைக்கும் கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் பழைய கணினிக்கு நல்லதுதான். சுமை முழுக்க எங்கோ இருக்கும் சர்வரில். ஆனால் இது டெல்டா. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் வேண்டாம், ஐப்பசி அடைமழைக்கே நெட் போய்விடும். ஆகவே நெட் இல்லாமலும் ஓடுவதை முதலாக வைத்துக்கொள்ளுங்கள்; தேவையான பேக்கேஜ்களை முன்பே இறக்கிவிடுங்கள்.

பலரும் பார்க்காமல் விடுவது தமிழ். ‘கோவிந்தராஜன்’ நம் கண்ணுக்கு 7 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 12. பெயர்க் கட்டத்துக்கு 10 என்று வரம்பு வைத்தால் ‘கோவிந்தராஜ’ என்று நின்றுவிடும், சிட்டாவில் உள்ள பெயரோடு பொருந்தாது. எனவே எந்த எடிட்டரானாலும் முதல் நாளே ஒரு தமிழ்ப் பெயரைத் தட்டி, தரவுத்தளத்தில் சேமித்து, திரும்ப எடுத்துப் பாருங்கள். சில எடிட்டர்களில் தமிழ் வரியில் கர்சர் தள்ளி நிற்கும். தமிழ் வாசகங்களைத் தனி ஜேசான் கோப்பில் வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

எடிட்டரோடு ரொம்பவும் ஒட்டிக்கொள்ள வேண்டாம். கிட்ஹப்பின் ஆட்டம் எடிட்டருக்கு ஏகப்பட்ட ரசிகர்கள். 2022 டிசம்பர் 15இல் அதை மூடிவிட்டார்கள். நாளை தஞ்சை டைடல் நியோ பூங்காவிலோ சென்னையிலோ வேலை கிடைத்தால், எடிட்டரை நிறுவனமே சொல்லிவிடும். கிட் கட்டளைகளை டெர்மினலில் தட்டப் பழகியவருக்கு அங்கே புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான்.