முதலும் வழியும்: எவர்குவெஸ்ட் விளையாட்டுகள் இரண்டின் ஒப்பாய்வு

ஒரு நூல் புகழ் பெற்றுவிட்டால் அதன் வழியிலே மற்றொரு நூல் எழுவது இயல்பு. அவ்வாறு எழும் நூலை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்குத் தமிழிலக்கணம் அளவுகோல் வகுத்திருக்கிறது. தொல்காப்பியம் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்தது. நன்னூல் சார்புநூல் என்ற மூன்றாவதையும் சேர்த்துக் கூறிற்று. நன்னூலார் கருத்துப்படி வழிநூலுக்கு மூன்று இயல்புகள் வேண்டும். முன்னோர் கண்ட முடிபோடு ஒத்துச் செல்லுதல் ஒன்று. பின்னோன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளைச் செய்தல் மற்றொன்று. அவ்வாறு செய்யுமிடத்தும் மரபு கெடாதிருத்தல் மூன்றாவது.

இவ்வளவுகோல் ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. மாணவர் பலர் பள்ளி விட்டபின் நெடுநேரம் ஈடுபட்டிருக்கும் கணினி விளையாட்டுகளிலும் முதலும் வழியும் உண்டு. அவற்றைப் பழிப்பதும் எளிது, பாராட்டுவதும் எளிது. ஆராய்ந்து தரம் காண்பதே ஆசிரியர்க்குரிய பணியாகும். அதற்கு எடுத்துக்காட்டாக, 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்னும் இணைய விளையாட்டையும், 2004இல் அதன் வழித்தோன்றலாக வந்த எவர்குவெஸ்ட் இரண்டாம் விளையாட்டையும் ஒப்புநோக்கலாம்.

விளையாட்டின் இயல்பு

இவ்வகை விளையாட்டு கூத்துக்கு நெருங்கிய உறவுடையது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வேடம் பூணுகின்றனர். ஒருவர் மறவராகவும், ஒருவர் மந்திரவாதியாகவும், ஒருவர் பிணி தீர்க்கும் பூசகராகவும் மாறிக் கற்பனை உலகம் ஒன்றினுள் புகுகின்றனர். கூத்துக்கும் இதற்கும் வேறுபாடு யாதெனில், இங்கே எழுதி வைத்த கதை சிறிது; ஆடுவோர் தாமே நிகழ்த்திக்கொள்ளும் கதை பெரிது. வெவ்வேறு நாட்டில் இருப்போர் ஒரே நேரத்தில் அவ்வுலகில் கூடுகின்றனர். ஒருவர் கணினியை அணைத்துவிட்டுச் சென்றாலும் அவ்வுலகம் நின்றுவிடுவதில்லை.

இதன் மூலம் 1978ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர் தொடர்ந்து வளர்த்த மட் என்னும் விளையாட்டே இவ்வினத்தின் முன்னோடி. அதில் படம் கிடையாது. எழுத்து மட்டுமே உண்டு. 1991இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்து மாணவர் சிலர் அதே இனத்தில் டிக்குமட் என்பதை இயற்றினர். எவர்குவெஸ்ட் இந்த டிக்குமட்டின் போக்கைத் தழுவிக் கண்முன் விரியும் முப்பரிமாணக் காட்சியாக அமைந்தது. ஆகவே, முதல் என்று இன்று போற்றப்படும் விளையாட்டும் ஒருவகையில் வழியே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

முதல் விளையாட்டின் சிறப்பு

எவர்குவெஸ்ட் 1999 மார்ச்சு 16ஆம் நாள் வெளிவந்தது. அதன் உலகுக்கு நோராத் என்று பெயர். தொடக்கத்தில் 12 இனங்களும் 14 தொழில் வகுப்புகளும் இருந்தன. மாதச் சந்தா கட்டி ஆடியோர் தொகை சில ஆண்டுகளில் 4 இலட்சத்தைக் கடந்தது.

தொடக்க காலத்தில் அவ்வுலகம் கடுமையானதாக இருந்தது. ஆடுவோரின் கையில் நிலப்படம் இல்லை. வழியைத் தாமே கண்டறிய வேண்டும். மனித இனத்தார்க்கு இரவில் கண் சரிவரத் தெரியாது. கண்டம் விட்டுக் கண்டம் செல்லத் துறையிலே கப்பலுக்குக் காத்து நிற்க வேண்டும். இறந்துபட்டால் ஈட்டிய அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி போய்விடும். அதனினும் கொடியது ஒன்றுண்டு. அணிந்திருந்த படைக்கலமும் கவசமும் பிணத்தோடு இறந்த இடத்திலேயே கிடக்கும். வெறுங்கையோடு மீண்டும் அவ்விடம் சென்று, பிணத்தைத் தேடி எடுத்தல் வேண்டும்.

இக்கடுமையின் பயன் யாது? தனியாக நின்று வாழ்வது பெரும்பாலோர்க்கு இயலாமற் போயிற்று. பூசகர் ஒருவர் உயிர்ப்பித்தால் இழந்த புள்ளிகளிற் பெரும்பகுதி திரும்பும். மாயவித்தையாளர் மந்திர ஆற்றலை விரைவில் ஊறச் செய்வார். தொலைவிடங்களுக்கு நொடியிற் கொண்டு சேர்க்கும் வித்தை இரு வகுப்பாரிடமே இருந்தது. எனவே ஒருவர்க்கு ஒருவர் தேவைப்பட்டனர். தேவை பழக்கமாயிற்று, பழக்கம் நட்பாயிற்று, பெயரைக் கெடுத்துக்கொண்டவரை எந்தக் குழுவும் சேர்ப்பதில்லை என்ற ஒழுங்கும் தானே உண்டாயிற்று. கடைத்தெரு அமைத்துத் தரப்படாத காலத்தில், காமன்லண்ட்சு என்னும் பகுதியில் இருந்த சுரங்கவழி ஒன்றில் ஆடுவோர் தாமாகவே கூடிக் கூவி விற்றுச் சந்தை ஆக்கிக்கொண்டனர். எட்வர்ட் காஸ்டிரோனோவா என்னும் அமெரிக்கப் பொருளியற் பேராசிரியர் 2001இல் இவ்வுலகின் வணிகத்தை ஆராய்ந்து, நோராத்தின் தலைக்குரிய உற்பத்தி உருசியாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது என்று கணக்கிட்டுக் கட்டுரை வரைந்தார். விளையாட்டு ஒரு சமுதாயமாகி விட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தமிழாசிரியர் கருதத்தக்க செய்தி மற்றொன்று. அவ்வுலகில் இனங்கள் பலவற்றுக்கும் தனி மொழி உண்டு. அறியாத மொழியில் ஒருவர் பேசினால் பொருளற்ற எழுத்துக் கூட்டமே திரையில் தோன்றும். அம்மொழி அறிந்தவரோடு ஒரே குழுவிலிருந்து அவர் பேசுவதைக் கேட்கக் கேட்கச் சொற்கள் சிறிது சிறிதாகத் தெளியும். மொழி மனிதரிடமிருந்து மனிதர்க்கு வருவது என்னும் உண்மையை அவ்விளையாட்டு இவ்வளவு எளிதாகக் காட்டிற்று.

வழி விளையாட்டின் அமைப்பு

இரண்டாம் விளையாட்டு 2004 நவம்பரில் வந்தது. கதை 500 ஆண்டுகள் கழித்து நிகழ்கிறது. லூக்லின் என்னும் நிலவு வெடித்துச் சிதற, நோராத்தின் கண்டங்கள் உடைந்து தீவுகளாயின. எஞ்சிய பெருநகரங்கள் இரண்டு: நல்லோரின் கீனோசு, தீயோரின் பிரீபோர்ட். தொடக்கத்தில் ஆடுவோர் எவ்வினத்தவராயினும் இவ்விரண்டில் ஒன்றன் குடிமகனாதல் வேண்டியிருந்தது. 16 இனங்கள், 24 வகுப்புகள் என எண்ணிக்கை பெருகிற்று. பாத்திரங்கள் வாய்திறந்து பேசின. கீனோசின் அரசிக்கு ஹெதர் கிரகாமும், பிரீபோர்ட்டின் தலைவனுக்குக் கிறிஸ்டோபர் லீயும் குரல் கொடுத்தனர்.

இனி, நன்னூல் காட்டும் மூன்று இயல்புகளையும் இதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

முடிபு ஒத்தல்

ஊர்ப்பெயரும் தெய்வப்பெயரும் இனப்பெயரும் ஒத்தன. உலகு ஒத்ததா என்றால், தொடக்கத்தில் ஒக்கவில்லை. முன்னைய விளையாட்டில் இனங்கள் பலவும் தத்தமக்கெனத் தனி ஊர் பெற்றிருந்தன. மரவுச்சியிற் கட்டிய கெலத்தின் போன்ற ஊர்களைப் பழையவர் தம் பிறந்த ஊராகவே எண்ணினர். இரண்டாவதில் அவை வெளியீட்டின்போது இல்லை. கெலத்தினும் அதன் கண்டமும் 2006 நவம்பரில் வந்த விரிவிலும், குனார்க் கண்டம் 2007 நவம்பரில் வந்த விரிவிலும் திரும்பி வந்தன. அவ்விரண்டு விரிவுகளும் ஆடுவோரால் பெரிதும் விரும்பப்பட்டமை, அவர்கள் எதைத் தேடினர் என்பதைக் காட்டும்.

வேறுபாடு செய்தல்

இவ்வகையில் இரண்டாம் விளையாட்டுக்கு உயர்ந்த இடம் தரலாம். ஒவ்வொருவர்க்கும் வீடு தந்தது. அவ்வீட்டை விரும்பியவாறு அணி செய்யும் கலையை ஆடுவோர் வியக்கத்தக்க அளவில் வளர்த்தனர். கைத்தொழில் செய்வோர் போரிடாமலே தம் தொழிற்படியில் உயர இடம் வைத்தது. மேற்படியில் இருப்பவர் தம் படியைத் தாழ்த்திக்கொண்டு புதிய நண்பரோடு சேர்ந்து ஆடவும் வழி செய்தது. மூத்த மாணவன் இளையவனுக்குத் துணைநிற்பது போன்ற இவ்வமைப்பு முதல் விளையாட்டில் தொடக்கத்தில் இல்லாத நன்மையாகும்.

மரபு கெடாமை

இங்கேதான் குறை காணப்படுகிறது. முதல் விளையாட்டின் மரபு ஊர்ப்பெயரன்று. ஒருவர்க்கு ஒருவர் தேவைப்படுதலே அதன் மரபு. இரண்டாவதில் ஒரு குழு ஒரு விலங்கோடு போர் தொடங்கிவிட்டால், அக்குழு உதவி கேட்டுக் கூவினாலன்றி வழிப்போக்கர் கைகொடுக்க இயலாதவாறு முதலில் விதி செய்தனர். பிறர் வேட்டையைக் கவர்வதைத் தடுக்கவே அவ்விதி வந்தது. ஆயினும், அழியும் தறுவாயில் இருப்பவனை யாரோ ஒருவர் ஓடிவந்து காப்பாற்றும் நிகழ்ச்சியும் அதனோடு போயிற்று. மேலும், ஓரிடத்தில் கூட்டம் மிகுந்தால் அவ்விடத்துக்கு மறுபடி ஒன்று உண்டாக்கிக் கூட்டத்தைப் பிரித்தனர். நெரிசல் நீங்கிற்று, அவ்விடம் யாவர்க்கும் பொதுவான ஓரிடம் என்ற உணர்ச்சி குன்றிற்று. மொழிகளும் பல, குறித்த பணியை முடித்தவுடன் கைக்கு வரும் பரிசாயின.

இறப்பின் தண்டனை இதற்கு மற்றொரு சான்று. ஒருவர் இறந்தால் வரும் புள்ளிக் கடனைக் குழுவினர் யாவரும் பகிர வேண்டும் என முதலில் வைத்தனர். ஒற்றுமை வளரும் என எண்ணினர் போலும். முன்பின் அறியாதவரைக் குழுவிற் சேர்க்கும் அச்சமே வளர்ந்தது. பின்னர் அவ்விதியை நீக்கினர். சேர்ந்து துன்புறும்படி விதிப்பது வேறு, துன்பத்திலிருந்து மீட்க ஒருவர் தேவைப்படுவது வேறு என்பது இதனால் விளங்கும்.

மறுப்பும் விடையும்

இரண்டாவது பின்தங்கியதற்குக் காரணம் வேறு என்பார் உளர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. அதே 2004 நவம்பர் 23ஆம் நாள் வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட் என்னும் விளையாட்டு வெளிவந்தது. எவர்குவெஸ்ட் இரண்டு விலையுயர்ந்த கணினியை வேண்டிற்று. வார்கிராப்ட் எளிய கணினியிலும் ஓடிற்று. 2008 சனவரியில் அதன் சந்தாதாரர் 1 கோடியைக் கடந்தனர். ஆகவே தொகையை மட்டும் கொண்டு தரத்தை அளப்பது முறையன்று.

பழமையைப் போற்றுவோர் தம் இளமையையே போற்றுகின்றனர் என்பது மற்றொரு மறுப்பு. அதற்கு விடை நிகழ்ச்சிகளே தருகின்றன. முதல் விளையாட்டும் விரிவுகளால் எளிதாகிக்கொண்டே வந்தது. 2002இல் எத்திசைக்கும் வாயில் திறந்த நகரம் ஒன்று வந்தபின் கப்பலுக்குக் காத்திருப்பார் அருகினர். பழைய கடுமையோடு மீண்டும் தொடங்கும் தனிச் செர்வர்களை நிறுவனமே 2006 முதல் திறந்தது. அன்பர் சிலர் 1999ஆம் ஆண்டின் நிலையை அப்படியே காக்கும் முயற்சியை 2009இல் தொடங்க, நிறுவனம் 2015இல் அதற்கு உடன்பாடு அளித்தது. இளமை நினைவு ஒருவரை ஒருநாள் அழைத்து வரலாம். ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்க அந்த அமைப்பிலேயே ஏதோ ஒன்று இருத்தல் வேண்டும்.

நூலுக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றையும் கூறுதல் தகும். முதல்நூல் எழுதி முடிந்த பொருள். முதல் விளையாட்டோ வழி விளையாட்டு வந்தபின்னும் உடன் வாழ்ந்து வளர்வது. தாயும் மகளும் ஒரே சந்தையில் எதிரெதிரே கடை வைத்தது போன்ற நிலை இது. ஆசரன்ஸ் கால் என்னும் மற்றொரு விளையாட்டின் வரலாறு இதை நன்கு விளக்கும். 1999இல் தோன்றிய முதல் விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, 2002இல் வந்த இரண்டாவது 2005 இறுதியில் மூடப்பட்டது. 2012இல் மீண்டும் திறக்கப்பட்டு, 2017 சனவரியில் முதலோடு சேர்ந்தே முடிந்தது. எவர்குவெஸ்ட் இரண்டாவதற்கு அக்கதி நேரவில்லை. 2024இல் முதலாவது 25 ஆண்டுகளையும் இரண்டாவது 20 ஆண்டுகளையும் நிறைவு செய்தன.

முடிவு

எனவே, தனி விளையாட்டாக நோக்கின் இரண்டாவது குறைந்ததன்று. வீட்டிலும் தொழிலிலும் கதையமைப்பிலும் முன்னதை வென்றது என்றே கூறலாம். வழி விளையாட்டாக நோக்கின் அது முதலுக்கு ஈடாகவில்லை. பெயரை ஏற்று மரபை நெகிழவிட்டதே காரணம். அதை ஆக்கியோர் முன்னதில் இருந்த துன்பங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக நீக்கினர். எத்துன்பம் வீண்துன்பம், எத்துன்பம் மனிதரை மனிதரிடம் சேர்த்தது என்று பிரித்துப் பாராமல் நீக்கினர்.

பாடநூலைத் திருத்துவோர்க்கும், பழைய பயிற்றுமுறையை மாற்றுவோர்க்கும் இதில் படிப்பினை உண்டு. மாணவர்க்கு இடர் தருவதை நீக்குதல் நன்றே. ஆனால் ஒன்றை நீக்குமுன், அதைப் பற்றிக்கொண்டு வேறு எது வளர்ந்தது என்று வேரைத் தோண்டிப் பார்த்தல் அதனினும் நன்று.