இரண்டாம் விசையின் மொழி

நியூ ஜேர்சியின் பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் உருவான யுனிக்ஸை இன்றும் எழுத்துக் கட்டளைகளாலேயே பலர் ஆளுகிறார்கள். டெக்சாசிலுள்ள சேவைக் கணனியில் கலிபோர்னியாவிலிருந்து வேலை செய்பவருக்கு இணைப்பு அறுந்தால், ஓடிக்கொண்டிருந்த வேலையும் பெரும்பாலும் போய்விடும். 1987இல் பேர்லினில் ஒலிவர் லௌமன், கார்ஸ்டன் போர்மன் இருவரும் எழுதிய 'ஸ்கிரீன்' என்ற நிரல் பின்னர் இதற்கு மருந்தானது (நம்மவர் பலர் அகதிகளாக வந்திறங்கிய அதே பேர்லின், அதே எண்பதுகள்). 2007இல் நிக்கலஸ் மரியட் தொடங்கிய 'டிமக்ஸ்' அதே வழியில் வந்தது.

இவற்றில் வேலை தொலைவிலுள்ள கணனியிலேயே தங்கிவிடுகிறது; நம் திரை அதைப் பார்க்கும் ஒரு சாளரம் மட்டுமே. டிமக்ஸில் கண்ட்ரோலுடன் பி விசையை அழுத்திவிட்டு டி விசையைத் தட்டினால் விலகிவிடலாம். மறுநாள் வேறு ஊரிலிருந்து 'டிமக்ஸ் அற்றாச்' என்று கட்டளையிட்டால் விட்ட இடம் அப்படியே இருக்கும். டிக்குப் பதில் சி தட்டினால் புதிய சாளரம். சதவீதக் குறி தட்டினால் திரை இடம் வலமாகப் பிரியும்.

தமிழ்99 விசைப்பலகையில் இருப்பவருக்கு இந்த இரண்டாம் விசைதான் சிக்கல். டி இருந்த இடத்தில் உ வருகிறது. டிமக்ஸ் பேசாமல் இருந்துவிடும். கணனிக்குத் தமிழ் ஒத்துவராது என்போர் இதையும் சான்றாக்குவர். ஆனால் அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் உ எழுத்தை விலகும் கட்டளையோடு கட்டிவிடலாம். 'விலகு' என்பதற்கு வ அல்லவா பொருத்தம் என்று கேட்கலாம். விரல் பழகியது இடத்தைத்தான் என்பதால் நான் உ பக்கம். புதிதாகப் படிப்பவருக்கு வ எளிது. இரண்டையும் கட்டினாலும் டிமக்ஸ் மறுக்காது.