வடக்கே போன மூவர்!

"பக்கத்து வீட்டார் காஷ்மீர் போகிறார்கள். நாம் எங்கே போகிறோம், அப்பா?"

கோடை விடுமுறை வந்தால் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது.

அமெரிக்காவில் சில குடும்பங்கள் வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. வண்டிக்குள்ளேயே படுக்கை உண்டு, அடுப்பும் உண்டு. நேரே வடகோடியில் உள்ள அலாஸ்காவுக்குப் போகிறார்கள். அங்கே கோடையில் நள்ளிரவு நெருங்கியும் வெளிச்சம் மறைவதில்லை!

நம் அப்பாவின் சட்டைப் பையில் அதற்குப் பணம் ஏது? கவலை வேண்டாம். பெரம்பலூரில் ஒரு வேன் பிடித்தால் போதும். பாய், தலையணை, ஸ்டவ், புளிச்சோறு, குடத்தில் தண்ணீர். அந்தக் காலத்துக் கூண்டு வண்டியின் பேரன்தான் இந்த வேன்!

போகிற வழியில், வடக்கே பயணம் போன மூவரின் கதையைக் கேட்கலாம்.

நிலம் போனது

வெயில் ஏறுமுன் சாத்தனூர் சேர வேண்டும். அங்கே 18 மீட்டர் நீள மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது. மரம்தான், ஆனால் கல்!

1940-ம் ஆண்டில் இதைக் கண்டறிந்தவர் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். இதன் வயது 12 கோடி ஆண்டு என்கிறது புவியியல் ஆய்வுத் துறை. முன்னொரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல். ஆறு அடித்து வந்த மரம் கடல் சேற்றில் புதைந்தது. மெல்ல மெல்லக் கல்லாகிவிட்டது.

இன்னொரு வியப்பு. அன்று இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது! நிலம் நகர்ந்து நகர்ந்து வடக்கே போய் ஆசியாவின் மேல் மோதியது. அந்த இடம் மடிந்து எழுந்ததுதான் இமயமலை.

அரியலூர் வட்டாரத்தில் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக் கல்லில் அந்தப் பழைய கடலின் சிப்பிகள் இருக்கின்றன. வழியில் சிப்பிக் கல்லைக் கண்டால் பிள்ளைகள் பார்க்கட்டும். பைக்குள் போட வேண்டாம். ஆளுக்கு ஒன்று எடுத்தால் பேரப்பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

வாத்து போனது

அடுத்தது கரைவெட்டி ஏரி. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே இங்கே வருகிறது. உலகின் முக்கிய நீர்நிலைகளைக் கொண்ட ராம்சார் பட்டியலில் 2024-ல் இது இடம் பெற்றது.

ஏரிக்கரை மரநிழலில் சோற்று மூட்டையை அவிழ்க்கலாம். ஆனால் பேர்பெற்ற வரித்தலை வாத்தைக் காணோமே! அதுவும் கோடை விடுமுறைக்குப் போய்விட்டது. குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டு, வெயில் ஏறுமுன் இமயமலையைத் தாண்டிவிடும். திபெத், மங்கோலியா ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கும். வேனும் இல்லை, செலவும் இல்லை!

படை போனது

வெயில் தாழ்ந்ததும் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகர் இது. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் அவன் படை வடக்கே கங்கை வரை சென்றது. மன்னன் கோதாவரிக் கரையில் காத்திருந்தான். கங்கை நீர் வந்தது. வெற்றியின் நினைவாக அவன் சோழகங்கம் என்ற பெரிய ஏரியை வெட்டினான். அதுதான் இன்றைய பொன்னேரி.

வென்ற மன்னன் கல்லில் மட்டும் தூண் நாட்டவில்லை. உழவனுக்குத் தண்ணீரும் விட்டுப்போனான்!

பொழுது சாய்கிறது. கோவில் புல்வெளியில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் மறுபடியும் கேட்கிறார்கள்: "அடுத்த பயணம் எப்போது?"

தை மாதம் கரைவெட்டிக்கு வாருங்கள். வடக்கே போன வாத்து திரும்பி வந்திருக்கும்!