ஒட்டுமரம் மட்டமா? துப்பாக்கிக் கட்டை சொல்லும் பாடம்

“அண்ணாச்சி, எது நல்லது?”

மரக்கடை, பிளைவுட் கடை, ஹார்டுவேர் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்கு இந்தக் கேள்வி காதில் விழாத நாள் இல்லை. நாமும் அதிகம் யோசிப்பதில்லை. “மரம் என்றால் மரம்தான், ஒட்டுப்பலகை என்றைக்கும் ஒட்டுப்பலகைதான்” என்று சொல்லிவிடுகிறோம். வந்தவர் கையில் பணம் குறைவு என்று தெரிந்தால், “பரவாயில்லை, இதுவும் ஓடும்” என்று பிளைவுட்டை எடுத்துப் போடுகிறோம். இரண்டுமே அரைகுறைப் பதில்கள்தாம். ஏன் என்பதை நாம் விற்காத ஒரு பொருளை வைத்துப் பார்ப்போம். அந்தப் பொருள் துப்பாக்கிக் கட்டை.

துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் பெற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வியாபாரம் அது. நமக்கு வேண்டியது துப்பாக்கி அல்ல, அதைத் தாங்கும் கட்டை. மரத்துக்கும் பசைக்கும் பிளாஸ்டிக்குக்கும் இதைவிடக் கடுமையான பரீட்சை வேறு எங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

கட்டைக்கு என்ன வேலை?

இரும்புக் குழலும் விசைப் பகுதியும் உட்கார்ந்திருக்கும் இடம் கட்டை. சுடுபவர் தோளில் வைத்து அழுத்துவதும் அதைத்தான். ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னுதையை முதலில் வாங்குவது கட்டை. மழையில் நனையும், வெயிலில் காயும், பனியில் கிடக்கும். இத்தனைக்கும் நடுவில் அது முடி அளவுகூட அசையக் கூடாது. மரம் சற்றே உப்பிக் குழலை ஒரு பக்கமாக அழுத்தினால் போதும், நேற்றுச் சரியாக விழுந்த குண்டு இன்று தள்ளி விழும். கதவு உப்பினால் இழைப்புளி போட்டுச் சரி செய்கிறோம். போர்முனையில் இருப்பவனுக்கு அந்த வசதி கிடையாது.

முதல் இடம் பெற்ற அக்ரூட்

நெடுங்காலமாகக் கட்டைக்கு முதல் மரம் வால்நட்தான். நம் நாட்டில் காஷ்மீரத்து அக்ரூட் என்று அறியப்படும் மரமும் இந்த இனமே. வலுவுக்கு ஏற்ற எடை, எளிதில் பிளக்காத குணம், உளிக்குச் சுத்தமாக இடம் கொடுக்கும் பாங்கு, கண்ணுக்கு அழகான ரேகை எல்லாம் ஒன்றாக அமைந்த மரம் இது.

ஆனால் அதன் பெரிய பெருமை வேறு. பச்சை மரம் ஈரமெல்லாம் போய் முழுவதும் உலரும்போது, நீளவாக்கில் நூற்றுக்கு 0.1 முதல் 0.2 பங்குதான் சுருங்குகிறது. அகலவாக்கில் கதையே வேறு. ஆண்டு வளையங்களைத் தொடர்ந்து செல்லும் திசையில் அமெரிக்கக் கருப்பு வால்நட் 7.8 சதவீதம் சுருங்கும். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 5.5 சதவீதம். அமெரிக்க பீச் மரத்துக்கு இதே கணக்கு 11.9, 5.5. நம் தேக்குக்கு 5.8, 2.5. இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளிதான் மரத்தை முறுக்குகிறது. வால்நட்டில் இடைவெளி குறைவு, பீச்சில் மிக அதிகம். தேக்கில் இரண்டு எண்களுமே சிறியவை. நம் ஆசாரிமார்கள் தேக்கு, தேக்கு என்று கேட்பது வீட்டுக்காரரின் பெருமைக்காக மட்டும் அல்ல என்பது இதில் விளங்கும்.

குறை என்ன? நல்ல வால்நட் மரம் வளரவும் காலம் வேண்டும், வெட்டிய பின் பதமாகவும் காலம் வேண்டும். போர் வந்தால் லட்சக்கணக்கில் கட்டை வேண்டும், மரமோ அவசரப்படாது. பிரிட்டன் பீச்சையும் பிர்ச்சையும் எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியா தன் காட்டில் கிடைத்த குயின்ஸ்லாந்து மேப்பிளையும் கோச்வுட்டையும் வைத்துச் சமாளித்தது. ஜெர்மனி வேறு வழியில் போனது.

தட்டுப்பாட்டில் பிறந்த அடுக்குமரம்

ஜெர்மானிய ராணுவம் 1935இல் ஏற்றுக்கொண்ட மவுசர் 98கே துப்பாக்கிக்கு முதலில் ஒரே துண்டாக அறுத்த கட்டைதான் போட்டார்கள். 1930களில் பல சோதனைகள் செய்து பார்த்த பின், 1937 முதல் அடுக்குமரக் கட்டைக்கு மாறினார்கள். பீச் மரத்தை மெல்லிய தகடுகளாக உரித்து, பசை தடவி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கி, அந்தப் பாளத்திலிருந்து கட்டையைக் கடைந்து எடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேல் தயாரான துப்பாக்கி அது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. நம் கடைகளில் லேமினேட் என்றால் மேலே ஒட்டும் மைக்கா தகடு. இங்கே சொல்வது அதல்ல. உள்ளும் புறமும் அடுக்கடுக்காக ஒட்டிய முழு மரம். பிளைவுட்டுக்கும் இதற்கும்கூட வேறுபாடு உண்டு. பிளைவுட்டில் ஓர் அடுக்கின் நார் நீளவாக்கில் போனால் அடுத்தது குறுக்காகப் போகும். துப்பாக்கிக் கட்டையில் பெரும்பாலும் எல்லா அடுக்கும் நீளவாக்கிலேயே போகும். வலு தேவைப்படுவது அந்தத் திசையில்தான்.

இதில் லாபம் என்ன? ஒரே துண்டு மரம் கோண நினைத்தால் தடுக்க ஆளில்லை. முப்பது தகடுகள் சேர்ந்திருக்கும்போது ஒன்று இப்படி இழுத்தால் மற்றொன்று அப்படி இழுக்கும். முடிவில் கட்டை நேராகவே நிற்கும். ஒரு தகட்டில் கணு இருந்தாலும் அது அந்தத் தகட்டோடு நின்றுவிடும். மெல்லிய தகடு சீக்கிரம் உலர்ந்துவிடுவதால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் செலவும் இல்லை. பீச்சின் முறுக்குக் குணம் இப்படித்தான் அடங்கியது. ஒரே துண்டுக் கட்டையைவிட அது வலுவாகவும் இருந்தது, மலிவாகவும் முடிந்தது. எடை மட்டும் சற்றுக் கூடியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் நாடும் இதே வழிக்கு வந்தது. 1959இல் வந்த ஏகேஎம் துப்பாக்கியின் கட்டை அடுக்குப் பிர்ச் மரம். ஆள் கிடைக்காத ஊரிலும் சேற்றிலும் பனியிலும் உழைத்த கட்டை அது. ‘ஒட்டியதுதானே’ என்று இளக்காரம் பேசுபவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டாம்.

பிளாஸ்டிக் வந்த கதை

அதே 1959இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம், டூபான்ட் நிறுவனத்தின் நைலானால் கட்டை செய்து ‘நைலான் 66’ என்ற சிறு துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரத்தைப் போற்றும் வேட்டைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

வியட்நாம் போர் மரத்துக்கு அடுத்த சோதனை. ஈரம் நிறைந்த காட்டில் எம்14 துப்பாக்கியின் மரக்கட்டை உப்பியதால் கண்ணாடி இழைக் கட்டை தயாரித்தார்கள். 1966இல் வந்த எம்40 குறிபார்ப்புத் துப்பாக்கியின் வால்நட் கட்டையும் அங்கே கோணியது. 1970களில் வந்த எம்40ஏ1 கண்ணாடி இழைக் கட்டையோடுதான் வந்தது. ரஷ்யாவின் ஏகே74எம் 1991இல் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையோடு வெளியானது. நம் நாட்டு இன்சாஸ் துப்பாக்கியும் பிளாஸ்டிக் கட்டை கொண்டதே.

நான்கையும் நிறுத்துப் பார்ப்போம்

ஒரே துண்டு வால்நட்: அழகு, கைக்கு இதம், மிதமான எடை. தண்ணீருக்கு அஞ்சும். நல்ல துண்டின் விலை ஏறிக்கொண்டே போகும்.

அடுக்குமரம்: கோணாது, உறுதி அதிகம், மரத்தின் கைப்பாங்கும் உண்டு. எடை கூடுதல், மலையேறி வேட்டைக்குப் போகிறவருக்கு இது சுமை, ஒரே இடத்தில் நின்று சுடுபவருக்கு வரம், ஏனென்றால் எடை கூடினால் பின்னுதை குறையும். ஒட்டினாலும் அது மரம்தான். கடைந்த இடங்களிலும் துளைகளிலும் பூச்சு சரியாக இல்லாவிட்டால் ஈரம் ஏறும்.

பிளாஸ்டிக்: தண்ணீருக்குக் கவலையில்லை, பராமரிப்பு இல்லை, விலை குறைவு. மலிவான அச்சுவார்ப்புக் கட்டை உள்ளே கூடாக இருக்கும், அழுத்தினால் வளையும். கண்ணாடி இழை, கார்பன் இழைக் கட்டைகள் வளையாது, எடையும் குறைவு. விலைதான் பல மடங்கு.

அலுமினியம்: ஈரத்துக்கு அசையாது. கன்னம் வைக்கும் இடம் முதல் தோள் தாங்கி வரை தேவைக்கேற்பத் திருகி மாற்றலாம். அதனால் போட்டித் துப்பாக்கிகளில் இடம் பிடித்தது. ஆனாலும் அதே போட்டிகளில் அடுக்குமரக் கட்டையும் இன்றுவரை தோளோடு தோள் நிற்கிறது.

‘எது நல்லது’ என்ற கேள்விக்கு இந்த நான்கில் ஒன்றுகூடத் தனியாகப் பதில் ஆகாது. ‘எதற்கு’ என்று கேட்டால் நான்குமே பதில்தான்.

மொத்த வியாபாரிகள் கவனத்துக்கு

அமெரிக்காவில் அடுக்குமரக் கட்டைக்கு வேண்டிய வண்ணப் பிர்ச் பாளங்களைப் பெரும் அளவில் தயாரித்துக் கொடுத்தது வெர்மான்ட் மாநிலத்தின் ரட்லண்ட் நகரிலிருந்த ஒரு பிளைவுட் ஆலை. 2014 ஆகஸ்டில் அந்த ஆலை தீயில் எரிந்துபோனது. கட்டை செய்பவர்கள் பலரும் சரக்குக்குத் திண்டாடினார்கள். பொருள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஒரே வாசலை நம்பி நிற்கும் வியாபாரத்துக்கு இது ஓர் எச்சரிக்கை.

நமக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டபோது, வடகிழக்கு மாநிலங்களின் பிளைவுட் ஆலைகள் பல மூடப்பட்டன. தொழில் யமுனா நகரின் பாப்ளர் மரத்துக்கும் பெரும்பாவூரின் ரப்பர் மரத்துக்கும் நகர்ந்தது. தமிழக விவசாயிகள் மலைவேம்பு நடுவதும் இதே தேவைக்குத்தான். பெரிய மரம் கிடைக்காதபோது சிறிய மரத்தை ஒட்டிப் பெரிதாக்குவது, ஜெர்மானியர் கண்ட அதே வழி.

நாம் பட்ட பாடு

இவ்வளவும் எழுதுகிற நாமே தவறு செய்தவர்கள்தாம். பல ஆண்டுகளுக்கு முன் புது வீடு கட்டிய ஒருவர் சமையலறை அலமாரிக்குப் பலகை கேட்டு எங்கள் கடைக்கு வந்தார். விலை குறைவாகக் கேட்டார், குறைவான பிளைவுட்டைக் கொடுத்தோம். அது தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போகிறதா என்று நாம் கேட்கவில்லை. யூரியா பசையால் ஒட்டிய சரக்கு தண்ணீருக்கு நெடுநாள் நிற்காது. பினால் பசையால் ஒட்டியதுதான் நிற்கும். நமக்கு அது தெரியும். வாங்க வந்தவருக்குத் தெரியாது.

இரண்டு ஐப்பசி மழை தாண்டியது. ஒரு நாள் அவர் வந்தார். புத்தகத்தின் ஏடுபோல அடுக்கு அடுக்காகப் பிரிந்த ஒரு துண்டைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். சண்டை போடவில்லை. “நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். அதன் பிறகு நம் கடைப் படி ஏறவில்லை. அன்று நாம் விற்ற பலகை மட்டமானது அல்ல. இடம் மாறிப்போன பலகை. உலர்ந்த அறையில் அது இருபது ஆண்டு உழைத்திருக்கும்.

அன்று முதல் எங்கள் கடையில் விலை சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கிறோம். எங்கே வைக்கப் போகிறீர்கள்? தண்ணீர் படுமா? எவ்வளவு சுமை தாங்க வேண்டும்? தண்ணீர் படும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட்டைக் காட்டுகிறோம். விலை கூடுதல் என்பதையும், ஏன் கூடுதல் என்பதையும் சொல்கிறோம். சிலர் வாங்காமல் போவதும் உண்டு. போனவர்களில் பலர் திரும்பி வருகிறார்கள்.

ஒட்டுமரம் மட்டமும் அல்ல, முழுமரம் எல்லாவற்றுக்கும் மருந்தும் அல்ல. நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கடைப் பையன்களுக்கு இந்த மூன்று கேள்விகளையும் பழக்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சரக்கைத் தெரிந்து வைத்திருப்பவன் வியாபாரி. தெரிந்ததை வாங்குபவருக்குச் சொல்பவன்தான் நிலைத்து நிற்கும் வியாபாரி.