விதை யாருடையது, பெயர் யாருடையது?

பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கையை அறியாத உழவர் தேனி மாவட்டத்தில் அரியர். அப்பெயரிலுள்ள மூன்றெழுத்துகள் பெரியகுளத்தைக் குறிப்பன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தார், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் ஊரின் நாட்டு முருங்கையைப் பல தலைமுறைகள் தன்மகரந்தச் சேர்க்கைக்கு உட்படுத்தித் தேர்ந்தெடுத்து, 1989இல் இவ்விரகத்தை வெளியிட்டனர். போத்து நட்டுக் காத்திருந்த காலம் போய், விதையூன்றிய ஆறு மாதத்தில் காய் பறிக்கலாயிற்று. இன்று அவ்விரகம் ஆப்பிரிக்க மண்ணிலும் வளர்கிறது. முருங்கைக்கீரையை அன்றாட உணவாகக் கொண்ட நைஜர் நாட்டு முஸ்லிம்களின் வயல்கள் வரை அது சென்றுள்ளது.

1989இல் பயிர் இரகங்களுக்கு உரிமை வழங்கும் சட்டமே நம் நாட்டில் இருக்கவில்லை. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் தரத்தைக் கண்காணித்ததேயன்றி உரிமையைப் பேசவில்லை. அமெரிக்காவிலோ 1980இலேயே, அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்களே உரிமை கொள்ளச் சட்டம் வழி திறந்துவிட்டது. அதனை ஒத்த மசோதா 2008இல் நம் மாநிலங்களவைக்கு வந்து, சட்டமாகாமலே போயிற்று. மக்கள் வரிப்பணத்தில் விளைந்த அறிவை மக்களுக்கே விற்கலாமா என்னும் கேள்வி மட்டும் நிற்கிறது.

மத்ரஸாவில் ஓதியோர்க்கு இக்கேள்வி வேறொரு வாயிலாக வரும். கம்பம் பள்ளத்தாக்கின் இராவுத்தர் ஜமாஅத்துகள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவை. சேர்த்து வைக்கத்தக்க பொருளே ‘மால்’ என்பது முற்கால ஹனஃபி இமாம்களின் வரையறை. பயன்பாட்டையும் மாலெனக் கொண்டவர்கள் ஷாஃபிஈ இமாம்கள். கைக்குள் அடங்காத அறிவு விற்பனைப் பொருளாகுமா என்று உலமாக்கள் நெடுங்காலம் கருத்து வேறுபட்டதன் வேர் இங்கேதான் உள்ளது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, வணிகப் பெயர், முத்திரை, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவை உரியவரின் பொருள்சார் உரிமைகள் என்றும், அவற்றை மீறுதல் கூடாது என்றும் தீர்மானித்தது. பெயரையும் முத்திரையையும் பணத்திற்கு மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் அதில் ஏமாற்றும் மோசடியும் இருத்தலாகாது என்ற நிபந்தனையும் அத்தீர்மானத்தில் உண்டு. முருங்கை விவகாரத்தில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது இந்நிபந்தனையையே.

முருங்கை அயல்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. அண்டைத் தோட்டத்தில் வேறு முருங்கை நின்றால், தேனீ அதன் மகரந்தத்தையும் கொண்டுவரும், பி.கே.எம்.1 மரத்தின் விதையே ஆயினும் அடுத்த தலைமுறை கலந்துபோகும். ஆகவே சந்தையில் அப்பெயர் தாங்கிய பொட்டலம் ஒவ்வொன்றும் அவ்விரகமே என்று சொல்ல இயலாது. காய் நீண்டதா, குட்டையா என்பது ஆறு மாதம் கழித்தே தெரியும். அதற்குள் நிலமும் நீரும் உழைப்பும் செலவாகிவிடும். தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அன்று ஈரத்தைக் கை கண்டுகொண்டது. விதைக்குள் இருப்பதைக் கை காணாது.

2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் ஏறத்தாழ இதே இடத்திற்கு வந்து சேர்வது நம்மை வியக்க வைக்கிறது. பதிவு பெற்ற இரகத்தின் விதையையும் உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். முத்திரைப் பெயரிட்டு விற்கவே கூடாது. பாதுகாப்பும் என்றென்றைக்கும் அன்று: மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டு, ஏனைய பயிர்களுக்கு 15 ஆண்டு. எனவே பல்கலைக்கழகம் காக்க வேண்டியது தன் பெயரை என்பதே நம் கருத்து. தூய விதையைத் தனித்த தோட்டத்தில் பெருக்கி, பரிசோதனைக்கு உடன்படுவோர்க்கு மட்டும் பெயரைப் பயன்படுத்த அனுமதி தந்து, அதற்குக் கட்டணம் பெறுவதில் குற்றமில்லை. ஒரே நிறுவனத்திற்கு எழுதிக் கொடுத்து ஏனையோர்க்குக் கதவடைப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் அயல்நாட்டு இரகமே. இரகம் வந்தேறியதாயினும் பெயர் இப்பள்ளத்தாக்கினது. அதைத் தனியொருவர் சொந்தம் கொண்டாட முடியாது.

அப்படியாயின் எப்போதும்வென்றான் ஊராருக்கு என்ன உரிமை? ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மெய். தேர்ந்தெடுக்கத் தக்க மரத்தைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் அவ்வூரார். மூல இரகம் தந்த சமூகத்தார் பயனில் பங்கு கோரவும், அதற்கெனத் தேசிய மரபணு நிதியம் அமையவும் அதே 2001ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்துள்ளது. பல்கலைக்கழகம் பெறும் கட்டணத்தில் ஒரு பகுதி அவ்வூரைச் சென்றடைவதே நீதி.